சால் விலகிய மனமும் டிஸ்சார்ஜ் சம்மரியும்

எண்பது வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட ஒருவர், ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பும்போது கையில் கொடுக்கப்படும் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். எந்தப் பக்கத்து எலும்பு, எந்த வகை முறிவு, உள்ளே என்ன பொருத்தினார்கள், எத்தனை பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள், தையல் பிரிக்க எந்தத் தேதியில் வர வேண்டும், காலையில் எத்தனை மாத்திரை, ராத்திரி எத்தனை மாத்திரை என்பதெல்லாம் அதில் இருக்கும். ஹீமோகுளோபினும் சோடியமும் தசமப் புள்ளியோடு இருக்கும். ஆபரேஷனுக்கு மறுநாள் இரவு தொடங்கி மூன்று நாள் அவர் பெற்ற மகனையே யாரென்று தெரியாமல் விழித்ததும், கையிலிருந்த ஊசிக் குழாயைப் பிடுங்கி எறிந்ததும், பகலெல்லாம் அசந்து தூங்கி இரவெல்லாம் என்றோ செத்துப்போன அண்ணனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்ததும் பெரும்பாலும் இருக்காது. கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருந்த குடும்பத்தாருக்கு அந்த ஆஸ்பத்திரி வாசத்தில் மறக்க முடியாதவை அந்த மூன்று இரவுகள்தான். காகிதத்தைப் படிக்கும் அடுத்த டாக்டருக்கு அவை நடந்ததே தெரியாது.

இந்த நிலைக்கு மருத்துவத்தில் டெலிரியம் என்று பெயர். சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ திடீரென்று வந்து, ஒரே நாளுக்குள் கூடியும் குறைந்தும், ஆளின் கவனத்தை நிலைகொள்ளாமல் செய்துவிடும் மூளைத் தடுமாற்றம் அது. கிருமித் தொற்று, உடலில் நீர் வற்றிப்போவது, சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், வலி, மயக்க மருந்து, தூக்க மாத்திரை, ரத்தத்தில் உப்புக் குறைவது என்று எது வேண்டுமானாலும் தளர்ந்த உடம்பில் அதைக் கிளப்பிவிடலாம். பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2020-இல் வெளிவந்த ஒரு கணக்கு, மருத்துவ வார்டுகளில் சேர்பவர்களில் சுமார் 23 விழுக்காட்டினருக்கு டெலிரியம் இருப்பதாகச் சொல்கிறது. ஏறக்குறைய நாலு பேரில் ஒருவர். இவ்வளவு சாதாரணமாக நடப்பது ஏன் காகிதத்தில் ஏறுவதில்லை? டாக்டர்களுக்குத் தெரியவில்லை, அக்கறை இல்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம். வரலாற்றைப் புரட்டினால் அந்தப் பதில் நிற்பதில்லை. மருத்துவம் முதன்முதலில் கண்டுகொண்ட நிலைகளில் டெலிரியமும் ஒன்று. அது விடுபட்டதற்கான காரணம் அந்தக் காகிதத்தின் அமைப்பிலேயே இருக்கிறது என்பது என் வாதம். ஆஸ்பத்திரியிலிருந்து வெளியேறும் நோயாளியைப் பற்றி எழுதும் தாள் எந்தக் கேள்விக்கு விடையாகப் பிறந்ததோ, அந்தக் கேள்வியில் வந்துபோகும் ஒரு நிலைக்கு இடமே வைக்கப்படவில்லை.

கண்டுகொண்டது எவ்வளவு பழையது என்பதைப் பார்ப்போம். கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸின் பெயரில் வழங்கும் நூல்களிலேயே, காய்ச்சல் முற்றியவர் வெறுங்காற்றில் எதையோ பிடிக்கக் கை நீட்டுவதும், போர்வையில் இல்லாத நூலைக் கிள்ளுவதும் கெட்ட அறிகுறிகளாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. ஆர்ப்பாட்டமாகப் பிதற்றும் நிலை ஒன்று, சுருண்டு அசைவற்றுக் கிடக்கும் நிலை ஒன்று என இரண்டையும் அவர்கள் தனித்தனியே அறிந்திருந்தார்கள். இலத்தீனில் கி.பி. முதல் நூற்றாண்டில் மருத்துவ நூல் எழுதிய செல்சஸ் டெலிரியம் என்ற சொல்லைக் கையாண்டார். அதன் வேர் உழவிலிருந்து வந்தது. ஏர் தன் சாலை விட்டு விலகிப் போவதைக் குறிப்பது. கலப்பை பிடித்த கைக்கு இதைவிடத் தெளிவாக அந்த நிலையைச் சொல்ல முடியாது. நிலமும் இருக்கிறது, மாடும் இருக்கிறது, கொழு மட்டும் கோடு தப்பிவிட்டது. நம் ஊரில் இதையே ‘ஜன்னி கண்டுவிட்டது’ என்றார்கள். வாதம், பித்தம், கபம் மூன்றும் ஒருசேரக் கெடுவதைச் சொல்லும் சன்னிபாதம் என்ற சொல்லிலிருந்து வந்தது அது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட ஜன்னிக்கும் பைத்தியத்துக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்திருந்தாள். ஜன்னி உடம்பின் நோயால் வருவது, காய்ச்சல் இறங்கினால் தெளிவது, தெளியாவிட்டால் ஆளையே கொண்டுபோவது. இந்த மூன்றும் இன்றைய பாடநூலில் இருக்கின்றன.

ஆஸ்பத்திரியின் காகிதம் வேறு தேவையிலிருந்து பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் லண்டன் ஆஸ்பத்திரிகள் ஒவ்வொன்றும் தன் விருப்பப்படி கணக்கு வைத்திருந்தன. ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட வழியில்லை. கிரீமியப் போரிலிருந்து திரும்பிய ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1860-இல் லண்டனில் கூடிய சர்வதேசப் புள்ளியியல் மாநாட்டுக்கு, எல்லா ஆஸ்பத்திரிகளும் ஒரே மாதிரி நிரப்ப வேண்டிய படிவங்களை முன்வைத்தார். 1863-இல் ஆஸ்பத்திரிகளைப் பற்றி அவர் வெளியிட்ட நூலிலும் அவை இடம்பெற்றன. நோய்ப் பெயர்களை வகுத்ததில் அவருக்குத் துணையாக இருந்தது பிறப்பு, இறப்புப் பதிவு அலுவலகத்தின் வில்லியம் ஃபார் உருவாக்கிய பட்டியல். வரிசையில் நோய், கட்டத்தில் முடிவு: குணமாகிப் போனவர் எத்தனை பேர், தீராமல் போனவர் எத்தனை பேர், இறந்தவர் எத்தனை பேர். ஆஸ்பத்திரியே ஆட்களைக் கொல்கிறதா, காப்பாற்றுகிறதா என்று கேட்கத் துணிந்த படிவம் அது. அந்தத் துணிச்சலை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு நோயாளிக்கு ஒரு நோய், ஒரு முடிவு என்ற கணக்கு அங்கே வேரூன்றியது. நிமோனியாவோடு வந்து, நடுவில் ஐந்து நாள் நினைவு தடுமாறி, பிறகு எழுந்து நடந்து வீடு போன கிழவி அந்தக் கட்டத்தில் நிமோனியா, குணம் என்ற இரண்டு சொற்களாக முடிவாள்.

உலகம் முழுவதும் பயன்படும் நோய்ப் பட்டியலின் கதையும் இதே திசையில்தான் போனது. 1893-இல் பாரிஸ்காரரான ழாக் பெர்த்தியோன் முன்வைத்து, 1900-இல் நாடுகள் கூடி ஏற்றுக்கொண்ட பட்டியல் இறப்புக் காரணங்களின் பட்டியல். செத்தவர் எதனால் செத்தார் என்று கேட்கும் பட்டியலில் அறிகுறிகளுக்கு மதிப்பில்லை. அடியில் இருக்கும் நோயைச் சொல் என்றே அது கேட்கும். 1948-இல் உலக சுகாதார நிறுவனத்தின் கையில் ஆறாம் பதிப்பாக வந்தபோதுதான் உயிரோடு இருப்பவர்களின் நோய்களுக்கும் அதில் இடம் கிடைத்தது. இதற்கிடையில் டெலிரியத்தின் ஒரு வகை மட்டும் தனக்கென்று நாற்காலி போட்டுக்கொண்டது. குடியை நிறுத்தியவருக்கு வரும் நடுக்கத்தோடு கூடிய பிதற்றலுக்கு 1813-இல் ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் சட்டன் டெலிரியம் ட்ரெமென்ஸ் என்று பெயர் வைத்தார். காரணமும் தெளிவு, பெயரும் தனி. ஆகவே பட்டியல்களில் அது எளிதில் ஏறிவிட்டது. நாளடைவில் சில ஐரோப்பிய மொழிகளில் டெலிரியம் என்றாலே குடிகாரரின் டெலிரியம் என்று பொருள் சுருங்கியது. அந்த நிழல் இன்றும் விலகவில்லை. 1990-இல் ஏற்கப்பட்ட பத்தாம் பதிப்பில் மற்ற டெலிரியத்துக்கு எஃப்05 என்று எண் கொடுத்தார்கள். அந்தத் தலைப்பே மதுவாலோ மற்றப் போதைப் பொருளாலோ வராத டெலிரியம் என்றுதான் இருக்கிறது. தன் பெயரைச் சொல்லும் முன்பே தான் இன்னது இல்லை என்று சொல்லிக்கொள்ள வேண்டிய நிலை அதற்கு.

டிஸ்சார்ஜ் என்ற நாளை ஆஸ்பத்திரிப் பதிவின் கடைசி நாளாக ஆக்கியதில் அமெரிக்காவுக்குப் பெரிய பங்கு உண்டு. பாஸ்டனில் அறுவை மருத்துவராக இருந்த எர்னஸ்ட் காட்மன் இதற்கு நேர் எதிரான ஒன்றைக் கேட்டார். வாசலைத் தாண்டியதோடு விடாமல் ஒவ்வொரு நோயாளியையும் ஓராண்டாவது பின்தொடர்ந்து, சிகிச்சையின் முடிவு என்ன ஆனது என்று பார்த்து, தவறு நடந்திருந்தால் எழுதி வெளியிட வேண்டும் என்றார். தன் சொந்த ஆஸ்பத்திரியிலிருந்து 1911-க்கும் 1916-க்கும் இடையே வீடு திரும்பிய 337 பேரின் கணக்கையும், அதில் தான் கண்ட 123 தவறுகளையும் அச்சிட்டு விநியோகித்தார். சக மருத்துவர்கள் அவரை ஒதுக்கினார்கள். அவர் யோசனையில் பாதியை மட்டும் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி எடுத்துக்கொண்டது. 1919-இல் அது வகுத்த குறைந்தபட்சத் தகுதி விதியில், முழுமையான கேஸ் ஷீட் என்றால் அதில் இறுதி நோய்ப்பெயர், டிஸ்சார்ஜ் ஆகும்போதைய நிலை, பின்தொடர்தல் ஆகியவை இருக்க வேண்டும் என்று எழுதப்பட்டது. இன்று நம் கையில் கிடைக்கும் தாளின் எலும்புக்கூடு இதுதான். ‘இறுதி நோய்ப்பெயர்’ என்ற அந்தச் சொல் டெலிரியத்தை வெளியே தள்ளியது. அது எதன் இறுதியும் இல்லை, நடுவில் வருவது. ‘டிஸ்சார்ஜ் ஆகும்போதைய நிலை’ என்ற இடத்தில் பிடித்திருக்கலாம். அந்த இடம் காலப்போக்கில் ‘தேறியுள்ளார்’ என்ற ஒரே சொல்லால் நிரம்பிப் போனது. காட்மன் கேட்ட ஓராண்டுக் கணக்கு தொடர்ந்திருந்தால், வீட்டுக்குப் போன பிறகும் தெளியாத மனங்களை அறுபது எழுபது ஆண்டு முன்பே எண்ணியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அறிவு ஒரு பக்கம் வளர்ந்துகொண்டுதான் இருந்தது. 1940-களில் ஜார்ஜ் ஏங்கலும் ஜான் ரொமானோவும் டெலிரியம் கண்டவர்களின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்து, நினைவு மங்க மங்க அலைகள் மெதுவாவதையும், தெளியத் தெளிய அவை பழைய வேகத்துக்குத் திரும்புவதையும் காட்டினார்கள். 1959-இல் எழுதிய கட்டுரையில் அதை மூளைச் செயலிழப்பு என்றே அழைத்தார்கள். இதயமும் சிறுநீரகமும் ஈரலும் செயலிழக்கும்போது காட்டும் கவனத்தை மூளை செயலிழக்கும்போது டாக்டர்கள் காட்டுவதில்லை என்பதும் அவர்கள் குறை. இங்கிலாந்தில் மார்ட்டின் ராத் 1955-இல் வேறொரு வாசலைத் திறந்தார். மனநல ஆஸ்பத்திரியில் சேர்ந்த முதியவர்கள் எல்லோரையும் ‘முதுமைப் பைத்தியம்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவைத்திருந்த காலம் அது. ராத் செய்தது எளிய வேலை: பழைய பதிவேடுகளை எடுத்து, ஆறு மாதம் கழித்தும் இரண்டு ஆண்டு கழித்தும் யார் உயிரோடு இருந்தார்கள், யார் வீடு திரும்பினார்கள், யார் அங்கேயே இருந்தார்கள் என்று எண்ணினார். திடீர்க் குழப்பத்தோடு வந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் ஒன்று இறந்தார்கள், அல்லது தேறி வீட்டுக்குப் போனார்கள். அறிவு தேய்ந்து வந்தவர்களின் பாதை முற்றிலும் வேறாக இருந்தது. இரண்டும் வெவ்வேறு நோய் என்பதை அவருக்குச் சொன்னது ஆஸ்பத்திரியின் பழைய பதிவேடு. எழுதி வைத்ததால்தான் எண்ண முடிந்தது.

ஆனாலும் பொது ஆஸ்பத்திரிக் காகிதத்தில் அது ஏறவில்லை, ஏறினாலும் ஒரே பெயரில் ஏறவில்லை. குழப்பம், கிளர்ச்சி, அந்தி மயக்கம், ஐசியூ மனநோய், நச்சு மூளைநோய், ஒத்துழைக்கவில்லை, சரியாக விவரம் சொல்லத் தெரியாதவர் என்று துறைக்கொரு பெயர். நரம்பியல் டாக்டரின் பெயர் மனநல டாக்டருக்கு ஆகாது. வார்சாவில் பிறந்து கனடாவில் பணியாற்றிய ஸ்பிக்னியெவ் லிப்போவ்ஸ்கி 1960-களிலிருந்து இந்தப் பெயர்க் குவியலை ஒழுங்குபடுத்த முயன்றார். 1980-இல் டெலிரியத்துக்கென்றே முழு நூல் எழுதினார். அதே ஆண்டு அமெரிக்க மனநலச் சங்கத்தின் கையேட்டின் மூன்றாம் பதிப்பு டெலிரியத்துக்குத் திட்டமான வரையறை கொடுத்தது. பத்தாண்டு கழித்து, 1990-இல், ஷாரன் இனூயியும் உடன் பணியாற்றியவர்களும் மனநல மருத்துவர் அல்லாதவரும் வார்டில் நின்றபடியே தீர்மானிக்கக்கூடிய நாலு கேள்வி முறையைத் தந்தார்கள். திடீரென வந்து ஏறி இறங்குகிறதா, கவனம் நிற்கவில்லையா. இந்த இரண்டோடு பேச்சில் கோர்வை இல்லாமையோ விழிப்பு நிலையில் மாற்றமோ இருந்தால் டெலிரியம். பெயர் இல்லை, கருவி இல்லை என்று சொல்ல இனி இடமில்லை. அதன் பிறகும் பதிவு விடுபட்டது. பழியைப் பார்க்கும் கண்களின் மேல் போடுவதை விட்டுவிட்டு, எழுதும் வழியைப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

அந்த வழியைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். இரவு இரண்டு மணிக்குப் பெரியவர் கட்டிலை விட்டு இறங்கப் போகிறார். பார்ப்பவர் நர்ஸ். அவர் தன் குறிப்பேட்டில் ‘இரவு முழுதும் தூங்கவில்லை, அமைதியின்றி இருந்தார், டூட்டி டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது’ என்று எழுதுகிறார். டூட்டி டாக்டர் ஊசி ஒன்று எழுதுகிறார். அது மருந்துத் தாளில் ஏறுகிறது. காலையில் ரவுண்ட்ஸ் வரும்போது பெரியவர் தெளிவாக வணக்கம் சொல்கிறார். இந்த நோயின் இயல்பே அப்படி, காலையில் விலகி மாலையில் திரும்பும். கேஸ் ஷீட்டில் அன்றைய வரி ‘நிலை சீராக உள்ளது’. ‘அப்பா ராத்திரியெல்லாம் ஒரு மாதிரியா பேசினாருங்க டாக்டர்’ என்று மகள் சொன்னது எந்தத் தாளிலும் இல்லை. ஐந்து நாள் கழித்து டிஸ்சார்ஜ் சம்மரி எழுத உட்காருபவர் அந்த இரவில் இல்லாத ஒரு ஹவுஸ் சர்ஜன். அவர் முன்னால் அன்றைக்கே முடிக்க வேண்டிய சம்மரிகள் அடுக்காக இருக்கும். அவர் புரட்டுவது சேர்க்கைத் தாள், ஆபரேஷன் குறிப்பு, ரத்தப் பரிசோதனை முடிவுகள், கடைசி நாள் ரவுண்ட்ஸ். நர்ஸின் குறிப்பேடு வேறு கட்டில் இருக்கிறது. இதன் விளைவை இனூயி குழு 2005-இல் மறைமுகமாக நிரூபித்தது. கேஸ் ஷீட்டை முழுக்கப் படித்து, குழப்பம், கிளர்ச்சி, இடம் தெரியவில்லை போன்ற சொற்களைத் தேடும் பயிற்சி பெற்றவர், நேரில் கண்டறியப்பட்ட டெலிரியத்தில் 74 விழுக்காட்டைக் காகிதத்திலிருந்தே எடுத்துவிட முடிந்தது. சான்று உள்ளே எங்கோ எழுதப்பட்டிருக்கிறது, தொகுக்கும்போது சிந்திவிடுகிறது. 2003-இல் கனடாவில் வந்த ஓர் ஆய்வு ஆஸ்பத்திரியில் கண்டறியப்பட்ட டெலிரியம்கூட டிஸ்சார்ஜ் தாளில் பெரும்பாலும் குறிக்கப்படுவதில்லை என்றது. இருபது ஆண்டு கழித்து, 2023-இல், அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் அதையே சொன்னார்கள்.

நர்ஸ்கள் எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. 2001-இல் வந்த ஒரு ஆய்வில், டெலிரியம் இருந்த நோயாளிகளில் 31 விழுக்காட்டினரை மட்டுமே நர்ஸ்கள் இனங்கண்டிருந்தார்கள். ஆர்ப்பாட்டம் செய்பவர் கண்ணில் படுவார். சுருண்டு கிடப்பவர் ‘தூங்குகிறார், தொந்தரவு இல்லை’ என்று கடந்து போகப்படுவார். ஆகவே பார்க்கத் தவறுவதும் உண்மை. ஆனால் பார்த்ததையே தாள் தக்கவைப்பதில்லை என்னும்போது, இன்னும் நன்றாகப் பார்க்கப் பயிற்சி கொடுத்தால் போதும் என்ற வாதம் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது.

மருத்துவர்கள் சொல்லும் முதல் மறுப்பு நியாயமானதாகவே தோன்றும். டெலிரியம் ஒரு அறிகுறி. சிறுநீர்த் தொற்றால் வந்தது, தொற்றை எழுதிவிட்டோம், காய்ச்சல் வந்ததையெல்லாம் தனியே எழுதுகிறோமா என்பார்கள். வீட்டுக்குப் போகும்போது தெளிந்துவிட்டாரே என்பார்கள். இதற்கு 1992-இலேயே பதில் வந்துவிட்டது. சூ லெவ்காஃப் குழுவினர் டெலிரியம் கண்ட முதியவர்களைப் பின்தொடர்ந்தபோது, புதிதாக வந்த அறிகுறிகள் முழுவதும் டிஸ்சார்ஜுக்கு முன்பே நீங்கியவர்கள் 4 விழுக்காட்டினர் மட்டுமே. ஆறு மாதம் கழித்தும் பெரும்பாலோருக்கு எச்சம் இருந்தது. காய்ச்சல் இறங்கினால் இறங்கியதுதான். இது அப்படி இறங்குவதில்லை. 2010-இல் பல ஆய்வுகளைத் தொகுத்த வேறொரு கணக்கில், டெலிரியம் கண்டவர்களில் சராசரியாக இரண்டாண்டுக்குள் 38 விழுக்காட்டினர் இறந்திருந்தார்கள்; காணாதவர்களில் 27.5 விழுக்காட்டினர். பின்னாளில் அறிவு தேயும் டிமென்ஷியா வரும் வாய்ப்பும் பல மடங்கு கூடியிருந்தது. ஃபின்லாந்தில் வாண்டா நகரத்தில் 85 வயது கடந்தவர்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வும் 2012-இல் இதை உறுதி செய்தது. இதயத்தில் வந்துபோன வலியை எழுதாமல் யாரையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. அடுத்த ஓராண்டைப் பற்றி அந்த வலி சொல்வதற்குக் குறையாமல் இதுவும் சொல்கிறது.

எழுதினால் முத்திரை குத்தியதாகிவிடாதா என்பது இரண்டாவது மறுப்பு. இதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மனநல அத்தியாயத்தில் இருக்கும் ஒரு நோய்ப்பெயர் காகிதத்தில் ஏறினால், சொத்து எழுதிவைத்த பத்திரத்தைச் செல்லாது என்று வழக்குப் போடும் உறவினர் முதல், இனி இவருக்குச் சொல்லிப் பயனில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் டாக்டர் வரை யார் வேண்டுமானாலும் அதைத் தவறாகப் பயன்படுத்தலாம். ஆனால் எழுதாமல் விட்டால் முத்திரை விழாமல் போவதில்லை, தவறான முத்திரை விழுகிறது. ‘ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து பெரியவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது’ என்பது தெருவின் முத்திரை. ‘டிமென்ஷியா’ என்பது அடுத்த ஆஸ்பத்திரியின் அவசர முத்திரை. காரணமும் தேதியும் போட்டு எழுதிய டெலிரியம் என்ற சொல் இவை இரண்டையும் தடுக்கும், ராத் 1955-இல் பிரித்துக் காட்டிய கோட்டை அந்த ஒரு நோயாளிக்கு வரைந்து கொடுக்கும். மாத்திரையையும் பார்க்க வேண்டும். கலவரத்தை அடக்க மூன்று நாளுக்கு என்று தொடங்கிய மனநோய் மாத்திரை டிஸ்சார்ஜ் மருந்துப் பட்டியலில் ஏறிவிடுகிறது. எதற்காக என்பது மட்டும் ஏறுவதில்லை. காரணம் தெரியாத மாத்திரையை நிறுத்த யாருக்கும் துணிவு வராது. மருந்துக் கடைக்காரர் மாதாமாதம் கொடுப்பார், பெரியவர் பகலிலும் மயங்கிக் கிடப்பார், மீண்டும் வழுக்கி விழுவார்.

மூன்றாவது மறுப்பு பணத்தைப் பற்றியது, அதில் வரலாற்றுப் பாடம் இருக்கிறது. அமெரிக்க அரசின் முதியோர் காப்பீடான மெடிகேர் 1983-இல் நோய் வகைக்கு இன்ன தொகை என்று ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுக்கத் தொடங்கியது. 2007-இல் அந்த வகைப்பாடு திருத்தப்பட்டபோது, டெலிரியம் சாதாரணச் சிக்கலாகவும், அதே கட்டிலில் கிடக்கும் அதே நோயாளிக்கு எழுதக்கூடிய ‘என்செஃபலோபதி’ என்ற மூளைநோய்ப் பெயர் பெருஞ்சிக்கலாகவும் அமைந்தன. பெருஞ்சிக்கலுக்குத் தொகை அதிகம். ஆகவே ஒரே நிலை இரண்டு பெயர்களில் எழுதப்படலாயிற்று. 2020-இல் பத்து மருத்துவச் சங்கங்களின் ஒப்புதலோடு இந்தச் சொற்களைப் பிரித்து வரையறுக்கும் அறிக்கை வெளியிட வேண்டி வந்தது. பதிவை வற்புறுத்தினால் காசுக்காகப் பெயர் மாற்றுவார்கள் என்று இதைக் காட்டி அஞ்சுகிறார்கள். அச்சம் பொருளற்றது இல்லை. ஆனாலும் இதே நிகழ்ச்சி என் வாதத்துக்குச் சான்றாகவும் நிற்கிறது: காகிதம் கேட்டதும் டாக்டர்கள் எழுதத் தொடங்கினார்கள். இங்கிலாந்தில் 2010-இல், சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டி, டெலிரியத்தை ஆஸ்பத்திரிப் பதிவிலும் குடும்ப மருத்துவரின் பதிவிலும் எழுத வேண்டும் என்றது. டிமென்ஷியா சிகிச்சையைத் தணிக்கை செய்யும் தேசியக் குழு, டெலிரியம் இருந்ததா, இருந்தால் டிஸ்சார்ஜில் சுருக்கமாகச் சொல்லப்பட்டதா என்று ஆஸ்பத்திரிகளைக் கேட்கத் தொடங்கியது. 2012-க்கும் 2020-க்கும் இடையே இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் முதியவர்களின் ஆஸ்பத்திரிக் கணக்கில் டெலிரியம் என்று குறிக்கப்பட்ட விகிதம் கணிசமாக ஏறியது. அந்த எட்டு ஆண்டில் மனித மூளை மாறிவிடவில்லை. ஏறிய பிறகும் அது உண்மையான எண்ணிக்கைக்கு வெகுகீழே இருப்பதால், அளவுக்கு மீறி எழுதுகிறார்கள் என்ற பயத்துக்கு இன்னும் காலம் வரவில்லை.

இந்த மாற்றத்தில் ஒரு சிறு தாளுக்குப் பங்கு உண்டு. எடின்பரோவில் அலிஸ்டர் மெக்லுலிச்சும் உடன் பணியாற்றியவர்களும் 2011-இல் வெளியிட்ட ஃபோர்ஏடி என்ற அந்த ஒரு பக்கத் தாளை நிரப்ப இரண்டு நிமிடம் போதும். விழித்திருக்கிறாரா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு வயது, பிறந்த தேதி, இருக்கும் இடம், நடப்பு ஆண்டு. அடுத்து டிசம்பரிலிருந்து மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்வது; ஏழு மாதம் சரியாகச் சொன்னால் குறையில்லை. கடைசியாக, நிலை திடீரென்று மாறியதா, ஏறி இறங்குகிறதா. நாலு மதிப்பெண்ணோ அதற்கு மேலோ வந்தால் டெலிரியமாக இருக்கலாம். 1972-இல் ஹாட்கின்சன் வகுத்த பழைய பத்துக் கேள்வியில் முதல் உலகப் போரின் ஆண்டும் ஆளும் அரசரின் பெயரும் இருந்தன. நம் ஊர் விவசாயியிடம் அவற்றைக் கேட்டால் அவருடைய பள்ளிப் படிப்பைத்தான் அளக்க முடியும். புதிய தாளையும் அப்படியே எடுத்துவிட முடியாது. பிறந்த தேதியை அறியாமலே எண்பது வயதைக் கடந்தவர்கள் இங்கே ஏராளம். டிசம்பர் தடுக்கும் பாட்டிக்குப் பங்குனி, மாசி, தை தடுக்காமல் வரலாம். கேள்வியை மாற்றிக்கொள்ளலாம். அந்தத் தாளின் பலன் வேறு இடத்தில் இருக்கிறது: அது ஓர் எண்ணைத் தருகிறது. ‘ஒரு மாதிரியாகப் பேசினார்’ என்பது சம்மரிக்குள் நுழையாது. சோடியம் நுழைந்த கதவின் வழியாக அந்த எண் நுழையும்.

எழுதி என்ன ஆகப்போகிறது, மருந்து இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு 1999-இல் யேல் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஆய்வைக் காட்டலாம். 852 முதியவர்களில் வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு 15 விழுக்காடு டெலிரியம் வந்தது. திட்டமிட்ட கவனிப்பில் இருந்தவர்களுக்கு 9.9 விழுக்காடு. கொடுத்தது மூக்குக்கண்ணாடி, காதுக்கருவி, குடிக்கத் தண்ணீர், எழுப்பாத இரவு, கட்டிலை விட்டு எழுந்து நடக்கக் கை, பேச்சுத் துணை. ஒருமுறை டெலிரியம் கண்டவருக்கு மறுமுறை காணும் வாய்ப்பு அதிகம் என்பதால், இந்தக் கவனிப்பு யாருக்கு முதலில் வேண்டும் என்பதைப் பழைய சம்மரியின் ஒரு வரி சொல்லிவிடும்.

பிரிட்டனில் அந்த வரி குடும்ப மருத்துவரின் கணினிக்குப் போய்ச் சேரும். இங்கே அது போய்ச் சேர அப்படி ஓர் இடம் பெரும்பாலும் இல்லை. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978-லேயே முதியோர் மருத்துவப் பிரிவு தொடங்கிய மாநிலம் இது. ஆனாலும் ஊருக்கு ஊர் ஆஸ்பத்திரி மாறும் முதியவரைத் தொடர்ந்து போகும் பதிவு எதுவும் அநேகமாகக் கிடையாது. 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கழக விதி, உள்நோயாளியின் பதிவை மூன்று ஆண்டு வைத்திருந்தால் போதும் என்கிறது. அதற்குப் பிறகு மிஞ்சுவது வீட்டு அலமாரியில் எக்ஸ்ரேயோடு பையில் கிடக்கும் டிஸ்சார்ஜ் சம்மரி மட்டுமே. நாலு வருஷம் கழித்து வேறு ஊரில், வேறு ஆஸ்பத்திரியில், குடலிறக்க ஆபரேஷனுக்கு முன்னால் மயக்க டாக்டர் பழைய காகிதங்களைக் கேட்பார். மருமகள் பையிலிருந்து எடுத்து நீட்டும் அந்தத் தாளில் இவ்வளவு இருந்தால் போதும்: ‘ஆபரேஷனுக்கு மறுநாள் இரவு டெலிரியம் வந்தது. சிறுநீர்த் தொற்றும் வலியும் காரணம். நான்காம் நாள் தெளியத் தொடங்கினார். இன்று வீட்டுக்குப் போகும்போது மகனைத் தெரிகிறது, ஊர் பெயர் சொல்கிறார், மாதங்களைப் பின்னோக்கிச் சொல்ல இன்னும் வரவில்லை. இரவு மாத்திரையை ஏழு நாளோடு நிறுத்தவும். மூன்று மாதம் கழித்து நினைவாற்றலைப் பார்க்க வேண்டும். அடுத்த முறை எங்கே சேர்த்தாலும் கண்ணாடியும் காதுக்கருவியும் கூடவே இருக்கட்டும்.’